பெட்டிக்குள் ஒரு பங்க் குழு: வாசகர் கேள்வி – பதில்

ஊரில் சில நூறு பேருக்கு மட்டும் தெரிந்து, நாலைந்து வருடம் சத்தம் போட்டு, கலைந்துபோன பங்க் ராக் குழுக்களின் வரலாற்றைத் தொகுப்பது பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துச் சுருக்கியிருக்கிறோம்.

அப்பா இருபது வயதில் ஒரு பங்க் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். ஒரு அட்டைப்பெட்டி நிறைய கேசட், நோட்டீஸ், போட்டோ, ஒரு ஏழு அங்குல இசைத்தட்டு இருக்கின்றன. குழுவின் வரலாற்றை எழுத ஆசை. முதலில் எல்லோரையும் பேட்டி எடுத்துவிடலாமா?

யாராவது உடல்நிலை மோசமாக இருந்தால் மட்டும் பேட்டி முதலில். இல்லையென்றால் பெட்டிதான் முதலில். பெட்டியைப் பார்க்காமல் பேட்டிக்குப் போனால், முப்பது வருடமாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய அதே ஐந்து கதைகள்தான் கிடைக்கும்.

பெட்டியைத் திறந்ததும் அடுக்காதீர்கள். இருக்கிற வரிசையிலேயே போட்டோ எடுங்கள். எந்த கேசட் உறைக்குள் எந்த நோட்டீஸ் மடித்துச் செருகப்பட்டிருந்தது என்பதும் ஒரு சான்று. பிரித்துவிட்டால் அது போய்விடும். பிறகு ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். காகிதத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா வேண்டாம், ஒட்டும் சீட்டு வேண்டவே வேண்டாம். கேசட்டுக்கு எண்ணை உறையில் இடுங்கள். ஒரு அட்டவணையில் எண், பொருள், அதன்மேல் எழுதியிருப்பது (எழுத்துப் பிழையோடு அப்படியே), யாரிடமிருந்து வந்தது என நாலு பத்திகள் போதும்.

கேசட்டை டெக்கில் போடுவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. நாடா தெரியும் பக்கத்துக்கு எதிர்விளிம்பில், இரண்டு ஓரத்திலும் சின்ன பிளாஸ்டிக் மடல்கள் இருக்கும். இரண்டையும் உடைத்துவிடுங்கள். அதன்பின் யார் தவறிப்போய் ரெக்கார்ட் பொத்தானை அழுத்தினாலும் பதிவு அழியாது.

கேசட்டைக் கணினியில் ஏற்றச் சரியான வழி என்ன? யூஎஸ்பி வைத்த சின்ன பிளேயர் போதுமா?

போதாது. அவற்றில் பெரும்பாலானவற்றில் நாடா ஓடும் வேகம் நிலையாக இருக்காது. நீட்டி இழுக்கும் கிட்டார் ஒலி தள்ளாடும். பழைய நல்ல டெக் ஒன்றைத் தேடிப்பிடித்து, பெல்ட் மாற்றி, அதன் லைன் அவுட்டை, கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் இன்புட்டில் கொடுங்கள். மைக் இன்புட்டில் கொடுத்தால் எடுத்த எடுப்பிலேயே சிதறும்.

நாடாவைப் படிக்கும் ஹெட்டையும் நாடாவை இழுக்கும் உலோகத் தண்டையும் 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடையுங்கள். பஞ்சில் பழுப்பு நிறம் வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். ரப்பர் உருளைக்கு ஆல்கஹால் அடிக்கடி பட்டால் கெட்டியாகிவிடும். சோப்பு கலந்த நீர் லேசாகத் தொட்ட துணி போதும். ஒவ்வொரு நான்கைந்து கேசட்டுக்கும் ஒருமுறை மறுபடி துடையுங்கள். பழைய நாடா உதிர்த்துக்கொண்டே வரும்.

அடுத்து கேசட்டைப் பாருங்கள். நாடா ஹெட்டைத் தொடும் இடத்தில், செப்புத் தகட்டின் மேல் ஒரு சின்ன கம்பளித் திண்டு இருக்கவேண்டும். பழசானால் பசை விட்டு அது உதிர்ந்துவிடும். அது இல்லாமல் ஓட்டினால் சத்தம் மங்கும், விட்டுவிட்டு வரும். ஐந்து திருகு போட்ட வேறொரு கேசட்டின் கூட்டுக்குள் நாடாவை மாற்றுவதுதான் இதற்கு நல்ல மருத்துவம். மாற்றும்போது நாடாவின் பதிவுப் பக்கம் வெளிநோக்கி இருக்கிறதா, இரண்டு ஓர உருளைகளையும் சுற்றி வருகிறதா என்று பாருங்கள். குரோம் நாடாவை (வேறு பூச்சுள்ள நாடா வகை) சாதாரணக் கூட்டுக்குள் மாற்றினால் இன்னொரு தொல்லை வரும். குரோம் கூட்டின் விளிம்பில் உள்ள கூடுதல் பள்ளங்களைப் பார்த்துத்தான் பல டெக்குகள் நாடாவின் வகையை அறிகின்றன. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால், உச்ச ஒலிகளின் அளவைச் சரிசெய்யும் 70 மைக்ரோசெகண்ட் சமனுக்குப் பதில் 120 போட்டுவிடும்; இரைச்சல் கூடும், சிம்பல் (டிரம்ஸின் உலோகத் தட்டு) காதைக் கிழிக்கும்.

அறுந்த நாடாவை கேசட்டுக்கென்றே உள்ள 3.81 மி.மீ. அகல ஒட்டுநாடாவால், பதிவு இல்லாத பக்கத்தில் ஒட்டுங்கள். சாதாரண செலோடேப்பின் பசை கசிந்து அடுத்தடுத்த சுற்றுகளையும் பிடித்துக்கொள்ளும். நாடாச் சுருளின் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தால் அது பூஞ்சை. அந்தக் கேசட்டை ஓட்டவே வேண்டாம். டெக்கும் கெடும், அதன்பின் போடும் கேசட்டுகளும் கெடும். தனியாகப் பையில் போட்டு, தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லோரும் தவறவிடுவது அசிமத், அதாவது ஹெட் நாடாவைத் தொடும் கோணம். பதிவு செய்த டெக்கின் ஹெட் இருந்த கோணமும் உங்கள் டெக்கின் கோணமும் மயிரிழை மாறினாலும் உச்ச ஒலிகள் செத்துவிடும். ரிகர்சல் கேசட் "கம்பளிக்குள் இருந்து வருவதுபோல" கேட்பதற்குப் பாதி நேரம் இதுதான் காரணம். ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் வைத்த திருகு இருக்கும், பெயின்ட் புள்ளி வைத்திருப்பார்கள். அதன் பழைய நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டை ஓடவிட்டு, இடது வலது இரண்டையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, திருகைத் துளித்துளியாகத் திருப்புங்கள். சிம்பல் மிகக் கூர்மையாகக் கேட்கும் இடம்தான் சரி. ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும், இதைச் செய்யவேண்டும்.

பதிவு 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2.1 ஜிபி வரும். இருபது கேசட்டுக்கு 42 ஜிபி. இன்றைக்கு அது ஒரு பொருட்டே அல்ல. மிக உரத்த இடம் −6 டெசிபலைத் தாண்டாமல் வையுங்கள். டால்பி (இரைச்சல் குறைப்பு) பொத்தானை அணைத்து ஒரு பதிவு எடுங்கள். டால்பி போட்டுப் பதிந்தது என்று உறுதியாகத் தெரிந்தால், போட்டு இன்னொன்றும் எடுங்கள். உறையில் டால்பி என்று டிக் அடித்திருப்பதை மட்டும் நம்பவேண்டாம்.

மூலக் கோப்பில் இரைச்சல் நீக்கியைத் தொடாதீர்கள். பங்க் கிட்டாரின் ஒலி அந்த மென்பொருளுக்கு இரைச்சலைப் போலவேதான் தெரியும். இரண்டையும் சேர்த்துச் சுரண்டிவிடும். நகல் ஒன்றில் என்ன விளையாட்டு வேண்டுமானாலும் விளையாடுங்கள். பாட்டுகளுக்கு இடையே வரும் பேச்சையும் வெட்டக்கூடாது. "அடுத்தது புதுசு" என்று பாடகர் சொல்லும் இரண்டு சொல், பாட்டு எந்த மாதத்தில் உருவானது என்பதைக் காட்டிக்கொடுக்கும்.

ஒரு கேசட் மட்டும் விநோதமாக இருக்கிறது. முதல் பக்கத்தில் டிரம்ஸும் பேஸும் மட்டும், அதுவும் மிக மெதுவாக. மறுபக்கத்தில் எல்லாம் தலைகீழாக ஓடுகிறது. கெட்டுப்போய்விட்டதா?

கெடவில்லை. உங்கள் பெட்டியிலேயே விலைமதிப்பானது அதுதான். நான்கு தட ரெக்கார்டரில் பதிந்த மூல நாடா அது. டாஸ்காம் 1979-இல் கொண்டுவந்த போர்டாஸ்டுடியோ வகை இயந்திரங்கள் சாதாரண கேசட்டின் இரு பக்கத் தடங்களையும் சேர்த்து, நாலு தடமாக ஒரே திசையில் பதிந்தன. பல மாதிரிகள் வழக்கமான விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்துக்குப் பதிலாக இரு மடங்கில் ஓட்டின. அதனால்தான் உங்கள் டெக்கில் பாதி வேகம். மூன்றாம், நான்காம் தடங்கள் மறுபக்கத்தில் பின்னோக்கி வருகின்றன.

அதே வகை இயந்திரம் ஒன்றைக் கடன் வாங்கி நாலு தடத்தையும் ஒரே ஓட்டத்தில் தனித்தனியாக ஏற்றுவதுதான் முறையான வழி. இருக்கிற டெக்கிலேயே இரு பக்கமும் ஏற்றி, இரண்டாவதைத் தலைகீழாக்கி, வேகத்தை இரட்டித்துக் கணினியில் பொருத்தவும் முடியும். ஆனால் இரண்டு ஓட்டத்தின் வேகமும் துல்லியமாக ஒன்றாக இராது. ஒரு நிமிடத்துக்குள் டிரம்ஸும் கிட்டாரும் விலக ஆரம்பிக்கும், நிமிடத்துக்கு நாலு இடத்தில் கையால் இழுத்துப் பொருத்தவேண்டிவரும். டிபிஎக்ஸ் இரைச்சல் அடக்கி போட்டுப் பதிந்திருந்தால் இந்தக் குறுக்குவழியும் அடைபடும். அதை அவிழ்க்காமல் கேட்டால் சத்தம் மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும்.

ரிகர்சல் கேசட்டில் பாட்டுகள் நம்பமுடியாத வேகம். உண்மையிலேயே அவ்வளவு வேகமாக வாசித்தார்களா, டெக் வேகமாக ஓடுகிறதா?

ஸ்ருதியை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைப்பீர்கள். பங்க் குழுக்களில் அது உதவாது. அரை ஸ்ருதி இறக்கி வைத்தவர்கள் உண்டு, ட்யூனரே இல்லாமல் ஒருவரைப் பார்த்து ஒருவர் சேர்த்துக்கொண்டவர்கள் அதைவிட அதிகம்.

ஆம்ப்ளிஃபயரின் உறுமலைத் தேடுங்கள். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குமுன் இருக்கும் சில விநாடிகளில் மின்சாரத்தின் ஹம் நாடாவில் பதிந்திருக்கும். அந்த நாட்டின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்றால் 50, 100, 150 ஆகிய இடங்களிலும், 60 என்றால் 60, 120, 180 ஆகிய இடங்களிலும் அலைக்கற்றை வரைபடத்தில் கோடுகள் தெரியவேண்டும். 50 வரவேண்டிய இடத்தில் 52 வந்தால் நாடா 4 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 53 என்றால் ஏறக்குறைய ஒரு அரை ஸ்வரம் ஏறியிருக்கிறது. ஆனால் உங்கள் டெக்கும் இப்போது தன் பங்குக்கு ஹம் சேர்க்கும். எனவே கேசட் ஓடாதபோது ஒரு பதிவு எடுத்து அந்தக் கோட்டை அடையாளம் கண்டு ஒதுக்குங்கள். நகர்ந்து நிற்கும் இன்னொரு கோடுதான் நாடாவினுடையது.

திருத்திய பிறகும் வேகமாகவே இருந்தால், ஆம், அவ்வளவு வேகமாகத்தான் வாசித்தார்கள்.

நோட்டீஸ்களில் தேதியும் கிழமையும் இருக்கின்றன, வருடம் இல்லை.

கிழமை இருந்தால் பாதி வேலை முடிந்தது. மார்ச் 14 வெள்ளிக்கிழமை என்று இருந்தால், அது 1975, 1980, 1986, 1997, 2003 ஆகிய ஆண்டுகளில்தான் வரும். நடுவில் வேறு ஆண்டு கிடையாது. குழு இருந்த காலத்தோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் ஒன்றே மிஞ்சும். மிஞ்சாவிட்டால் கூட வாசித்த மற்ற குழுக்களின் பெயர், அரங்கின் பெயர், தொலைபேசி எண்ணில் எத்தனை இலக்கம் ஆகியவை உதவும்.

நோட்டீஸில் இருப்பதால் நிகழ்ச்சி நடந்தது என்று எழுதிவிடாதீர்கள். கடைசி நேரத்தில் ரத்தானவற்றுக்கும் நோட்டீஸ் ஒட்டியிருப்பார்கள். நடந்ததற்கு வேறு சான்று வேண்டும்: ஒலிப்பதிவு, போட்டோ, பாட்டு வரிசை எழுதிய காகிதம், ஃபேன்ஜின் (ரசிகர்களே அச்சிட்ட சிற்றிதழ்) விமர்சனம். ஃபேன்ஜின் கிடைத்தால் பின்பக்க விளம்பரங்களையும் கடிதங்களையும் விடாமல் படியுங்கள். கட்டுரையில் இல்லாத செய்தி அங்கேதான் இருக்கும்.

ஸ்கேன் 600 டிபிஐ, வண்ணத்தில், டிஃப் கோப்பாக. கறுப்பு வெள்ளை ஜெராக்ஸ்தானே என்று வண்ணத்தை விட்டுவிட்டால், எந்த நிறக் காகிதத்தில் அடித்தார்கள் என்பது போய்விடும். ஒரு ஏ4 ஏறக்குறைய 104 எம்பி வரும்.

பழைய ஜெராக்ஸ் நோட்டீஸ்களை லேமினேட் செய்து வைக்கலாமா?

கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிரிக்கவே முடியாது. பிவிசி உறையும் வேண்டாம். அதிலுள்ள மென்மையாக்கி ஜெராக்ஸ் மையை இளக்கி உறையோடு ஒட்டவைத்துவிடும். பாலியெஸ்டர் உறை வாங்குங்கள். துருப்பிடித்த ஸ்டேப்பிள் பின்னைப் பின்பக்கமிருந்து நிமிர்த்தி எடுங்கள். இழுத்தால் காகிதம் கிழியும்.

எங்களிடம் உள்ள ஏழு அங்குலத் தட்டு எத்தனை பிரதி அடித்தது என்று எப்படித் தெரிந்துகொள்வது? உறுப்பினர்கள் 200 முதல் 1,000 வரை சொல்கிறார்கள்.

தட்டுத் தொழிற்சாலையின் ரசீது கிடைத்தால்தான் பதில். அதிலும் "ஆர்டர்", "அனுப்பியது" இரண்டையும் பாருங்கள். பத்து சதவீதம் கூடக் குறைய அனுப்புவது அந்தத் தொழிலில் சகஜம். 500 என்று ஆர்டர் கொடுத்தவருக்கு 540 வந்திருக்கலாம்.

தட்டில் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் இடையே உள்ள வெற்றுப் பகுதியில் எண்களும் கீறல் எழுத்துகளும் இருக்கும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் படியுங்கள். மேட்ரிக்ஸ் எண் (அச்சுக்கான அடையாள எண்), பக்கம், சில சமயம் தட்டை வெட்டிய பொறியாளரின் முத்திரை. ஜார்ஜ் பெக்கம் என்ற பொறியாளர் 'எ போர்க்கி பிரைம் கட்' என்று கீறிவைத்தார். அந்த எண்ணை வைத்து எந்தத் தொழிற்சாலை, முதல் அச்சா மறு அச்சா என்பதைக் கண்டுபிடிக்கலாம். பிரதி எண்ணிக்கை அதில் இராது.

நேரத்தையும் குறியுங்கள். ஏழு அங்குலத்தில், நிமிடத்துக்கு 45 சுழற்சியில், ஒரு பக்கத்துக்கு நாலரை நிமிடம் வரைதான் சத்தம் கனமாக வரும். 33⅓-இல் ஆறேழு நிமிடம் போகும், ஆனால் அடக்கமாக ஒலிக்கும். மைனர் த்ரெட் என்ற குழுவின் 1981 தட்டில் எட்டுப் பாட்டு அடங்கியது எப்படி என்றால், பாட்டுகள் அவ்வளவு சின்னவை.

வெளியான தேதியைக் குழுவின் ஆயுளோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாஷிங்டனின் டீன் ஐடில்ஸ் குழு கலைந்த பிறகுதான் அவர்களது தட்டு வந்தது. டிஸ்கார்ட் இசைத்தட்டு நிறுவனம் தொடங்கியதே அதை வெளியிடத்தான். மான்செஸ்டரின் பஸ்காக்ஸ், 500 பவுண்டு கடன் வாங்கி 1977 ஜனவரியில் தாங்களே வெளியிட்ட தட்டின் உறையில், ஒவ்வொரு பாட்டும் எத்தனையாவது டேக் (பதிவு முயற்சி), மேலே எத்தனை முறை ஒலி சேர்த்தது என்று அச்சிட்டே கொடுத்தார்கள். எல்லாக் குழுவும் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பகுதிக்கு வேலை இருந்திருக்காது.

நால்வரும் நாலு விதமாகச் சொல்கிறார்கள். யாரை நம்புவது?

சம்பவத்துக்கு மிக அருகில் எழுதப்பட்ட காகிதத்தை. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு வாசித்தபோது கூடியவர்கள் நாற்பது பேர் அளவில்தான் என்பது பொதுவான கணக்கு. "நான் அங்கே இருந்தேன்" என்று பின்னாளில் சொன்னவர்களை வைத்து ஒரு மைதானத்தையே நிரப்பலாம். அவர்கள் எல்லோரும் பொய் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஜூலை 20 அன்று அதே கட்டடத்தில் நடந்த இரண்டாவது நிகழ்ச்சியை முதலாவதோடு சேர்த்துவிட்டவர்களும் உண்டு. உங்கள் குழுவிலும் இதே கலப்புதான் நடக்கும்.

முதலில் ஒவ்வொருவரையும் தனியாகப் பேசவிடுங்கள், பிறகு சேர்த்து உட்காரவையுங்கள். முதலிலேயே சேர்த்து வைத்தால், உரக்கப் பேசுபவரின் கதைதான் எல்லோருடைய கதையும் ஆகும். "எந்த வருடம்?" என்று கேட்டால் ஊகம்தான் வரும். ஏற்றிய பதிவைப் போட்டுக்காட்டி, நோட்டீஸை மேசையில் வைத்து, கைக்குப் பிடிபடும் விஷயங்களைக் கேளுங்கள்: ஆம்ப் யாருடையது? ரிகர்சல் அறைக்கு யார் வாடகை கொடுத்தது? டிரம்ஸ் எந்த வண்டியில் போனது? பேஸ் வாசிப்பவர் மாறியதும் எந்தப் பாட்டுகளை விட்டார்கள்? வாடகையும் வண்டியும் தேதியை இழுத்துக்கொண்டு வரும்.

மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் வையுங்கள். தொடக்கத்தில் பேசுபவர் பெயர், தேதி, இடம் சொல்லிவிடுங்கள். எழுதும்போது ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் காகிதச் சான்று உண்டு, இருவர் தனித்தனியே சொன்னது, ஒருவர் மட்டும் சொன்னது என மூன்றில் ஒரு குறி போடுங்கள். ஒத்துப்போகாததை இரண்டு விதமாகவும் எழுதிவிடுவது குற்றமல்ல.

எங்கள் குழுதான் முதல் பங்க் குழு என்று எழுதலாமா?

எழுதாதீர்கள். டெட்ராய்டின் 'டெத்' குழு 1975-இல் பதிவு செய்து, 1976-இல் 500 பிரதி தாங்களே வெளியிட்டது. மற்ற பாட்டுகளின் மூல நாடாக்கள் பரணில் கிடந்து 2009-இல்தான் ஆல்பமாக வந்தன. பிரிஸ்பேனின் 'த செயின்ட்ஸ்' 1976 செப்டம்பரிலேயே சொந்தத் தட்டு போட்டுவிட்டார்கள், லண்டன் குழுக்களுக்கு முன்பே. 'முதல்' என்ற பட்டம் அடுத்த பெட்டி திறக்கும் வரைதான். "இன்ன தேதியில் இன்ன அரங்கில் வாசித்தார்கள், பதிவு இருக்கிறது" என்று எழுதினால் யாரும் அதை அசைக்க முடியாது.

டெமோவின் (முன்னோட்டப் பதிவின்) தரம் மோசம். குழுவினர் மறுபடி கூடி அதே பாட்டுகளைப் பதிந்து சேர்க்கலாமா?

தாராளமாக. புதிய தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.

எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற யாரிடம் அனுமதி வாங்கவேண்டும்?

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். பொதுவாக மூன்று உரிமைகளைப் பிரித்துப் பாருங்கள். பாட்டை எழுதியவர்கள், அந்தப் பதிவின் உரிமையாளர், போட்டோவும் நோட்டீஸும் உருவாக்கியவர்கள். டெமோவுக்குக் காசு கொடுத்தது யார் என்பதில்தான் சண்டை வரும்; அதனால் எல்லோரிடமும் ஒரே காகிதத்தில் கையெழுத்து வாங்குங்கள், இறந்தவரின் பங்குக்கு வாரிசிடம். போட்டோ பெட்டியில் இருப்பதால் உங்களுடையது ஆகாது. எடுத்தவரைத் தேடிப் பிடியுங்கள். பேட்டிக்குத் தனி ஒப்புதல் வேண்டும். அதில் "இந்தப் பகுதியை இப்போது வெளியிடவேண்டாம்" என்று குறிக்க ஓர் இடம் விடுங்கள். பழைய சண்டைகளைப் பற்றி வாய் திறக்கவைக்கும் வரி அது.

வேலை முடிந்தபின் பெட்டியை என்ன செய்வது?

தூக்கி எறியாதீர்கள், இன்னும் நல்ல டெக்கில் மறுபடி ஏற்றவேண்டிய நாள் வரலாம். கேசட்டை ஒரு முனை வரை முழுதாகச் சுற்றி, புத்தகம்போல நிமிர்த்தி, ஸ்பீக்கருக்குத் தள்ளி, ஈரம் 50 சதவீதத்துக்குக் கீழ் உள்ள அலமாரியில் வையுங்கள். கோப்புகளுக்கு மூன்று பிரதி, இரு வகைச் சாதனங்களில், ஒன்று வேறு வீட்டில். எழுதிய சிடிகளையும் பென் டிரைவையும் அந்த மூன்றில் சேர்க்காதீர்கள். வருடம் ஒருமுறை செக்சம் (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் எண்) சரிபாருங்கள்.

பொது நூலகங்கள் இப்போது இவற்றை ஏற்கின்றன. வாஷிங்டன் பொது நூலகம் 2014-இல் பங்க் இசைக்கென்றே ஓர் ஆவணப் பிரிவு தொடங்கியது. கொடுக்குமுன் இரண்டு கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்: கேசட்டை ஓட்ட அவர்களிடம் டெக் இருக்கிறதா, பொருளைத் திரும்பக் கேட்டால் தருவார்களா. பதில் மழுப்பலாக இருந்தால் கோப்புகளின் பிரதியை மட்டும் கொடுங்கள். நீங்கள் போட்ட எண் அட்டவணையின் நகலைப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கோப்புகளின் பெயரும் அதே எண்ணில் தொடங்கட்டும்.